பத்து ஓட்டம், ஒரே விடை

1. முதல் கார்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கணினி நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் அட்டையில் துளையிட்டுக் கணினிக்குத் தகவல் ஏற்றுகிற கார்டு பஞ்ச் வேலைக்குப் போய், விரல் வேகமாக இருந்ததால் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். படித்தவர்கள் நடுவில் படிக்காதவன் வேலை பார்த்தால் ஒரு பயம் கூடவே இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகம். மெஷின் அறைக் கதவைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை நடப்பேன். பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்போது கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று, அங்கே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

வார நாள்களில் இரவும் பகலும் எங்கள் மெஷினில் சம்பளப் பட்டியலும் தண்ணீர் பில்லும் ஓடும். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும், ஆராய்ச்சிக்காரர்களுக்கு மெஷினைக் கொடுப்போம். அப்படி வந்தவர்களில் ஒருவர் மிஸ் யோகம். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெளிநாட்டில் பௌதிகம் படித்தவர். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கதிர்வீச்சுக் கணக்குப் போட்டுக்கொடுக்கிற வேலை. முதல் தடவை வந்தபோது மூன்று பெட்டி கார்டைத் தானே சுமந்துகொண்டு வந்தார்.

"பாலன், இது என்ன செய்யும் எண்டு உங்களுக்குச் சொல்லத்தானே வேணும்? ஓட்டுற ஆளுக்கு விளங்காம ஓட்டக் கூடாது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதுவரை எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. கார்டைக் கொடுப்பார்கள், பேப்பரை வாங்கிப் போவார்கள்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு இது. கதிரியக்க மருந்து ஒருவர் உடம்புக்குள் போய்விட்டால், அது தங்கிய இடத்திலிருந்து கதிர்கள் எல்லாப் பக்கமும் பறக்கும். எந்த உறுப்பில் எவ்வளவு விழுகிறது என்று உள்ளே கைவிட்டு அளக்க முடியாது. அதனால் கணினியில் ஓர் உடம்பை எண்களாலேயே கட்டி, ஒவ்வொரு கதிராக விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போகும், எங்கே முட்டும், எங்கே நிற்கும் என்பதை, தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி மெஷின் ஓர் எண்ணை உருட்டி முடிவு செய்யும். லட்சக்கணக்கில் விட்டால்தான் விடை நிலைக்கும். கொஞ்சம் விட்டால் ஆடும்.

"இந்த உருட்டல் எல்லாம் முதல் கார்டில இருக்கிற நம்பரில இருந்துதான் தொடங்கும். நான் இன்னும் புரோகிராமைச் சரி பார்த்துக்கொண்டிருக்கிறன். ஒவ்வொரு முறையும் அதே கதிர் அதே வழியில போனாத்தான் எங்க பிழை எண்டு எனக்குத் தெரியும். அதால முதல் கார்டை மட்டும் தொடாதீங்கோ, என்ன?"

"தொட மாட்டேன் மிஸ்" என்றேன். பென்சிலால் கார்டு பெட்டி மூடியில் எழுதியும் வைத்தேன்: முதல் கார்டைத் தொடாதே.

2. சரோஜா

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் அவசரமாக வந்தார். ஆஸ்பத்திரி ஐசோடோப் அறையில் ஒரு பெண் ஊழியர், பெயர் சரோஜா. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய ரேடியோ அயோடின் குப்பி அவர் கையில் உடைந்துவிட்டது. கொஞ்சம் மூச்சு வழியாக உள்ளே போயிருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து முதல் தடவை.

"வயித்தில இருக்கிறதுக்கு எவ்வளவு போயிருக்கும் எண்டு கேக்கிறா. டாக்டர் புதன்கிழமை அவவைப் பார்க்கிறார். அதுக்குள்ள நான் நம்பர் குடுக்க வேணும். அதை வச்சுத்தான் அவ முடிவெடுப்பா. வச்சுக்கொள்ளுறதா இல்லையா எண்டு."

எந்த உறுப்புக்கு எவ்வளவு போகும் என்று மேல்நாட்டில் போட்ட அட்டவணை இருக்கிறதே என்று கேட்டேன். அவர் முன்பு அதைக் காட்டியிருந்தார்.

"அது ஆறடி உடம்புக்குப் போட்ட அட்டவணை. சரோஜா என்ர தோள் உயரம்கூட இல்லை. கழுத்துக்கும் வயித்துக்கும் உள்ள தூரமே வேற."

அயோடின் இரண்டு இடத்தில் நிற்கும். ஒன்று மூத்திரப்பை, இன்னொன்று கழுத்தில் இருக்கிற தைராய்டு. மூத்திரப்பை கருப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்தக் கணக்கு அன்றே ஓடி முடிந்தது. கழுத்துக் கணக்குதான் தொல்லை. கழுத்திலிருந்து விடுகிற கதிரில் பெரும்பாலானது தலைக்கும் தோளுக்கும் உடம்புக்கு வெளியேயும் போய்விடும். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓட்டினால் கருப்பை வரை வந்து சேர்வது பத்தொன்பதே கதிர். பத்தொன்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"சனி ஞாயிறு முழுக்க ஓட்டுங்கோ. பத்து மடங்கு வேணும். நான் ரெண்டு நாளும் ஆஸ்பத்திரியில அளவெடுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் வானத்தைப் பார்த்தேன். ஷா ஆலம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நம்ம ஊர்ப் பிற்பகல் மழை எல்லோருக்கும் தெரியும். இடி இடித்தால் கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டும், மெஷின் நின்றுபோகும்; 'விழுந்தது' என்போம். பதினெட்டு மணி நேர ஓட்டம் பதினேழாவது மணியில் விழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் நானாக ஒரு முடிவெடுத்தேன். ஒரே நீள ஓட்டத்துக்குப் பதிலாகப் பத்துச் சின்ன ஓட்டம். பஞ்ச் மெஷினில் ஒரு கார்டைப் பார்த்து அப்படியே இன்னொன்று அடிக்க 'டூப்' என்று ஒரு பட்டன் உண்டு. கட்டுப்பாட்டுக் கார்டுகளை எல்லாம் அப்படிப் பத்து செட் அடித்தேன். முதல் கார்டைத் தொடவில்லை. அதுவும் அப்படியே பத்து. மிஸ் யோகத்திடம் ஏற்கனவே ஒரு கூட்டல் புரோகிராம் இருந்தது; பல ஓட்டங்களின் விடையைச் சேர்த்து ஒரே பக்கமாகத் தரும்.

மழை வந்தது, கரண்ட் இரண்டு தடவை சிமிட்டியது. விழுந்ததை மறுபடி ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்தும் முடிந்தது. கூட்டிய பக்கத்தை மட்டும் கிழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மிஸ் யோகத்திடம் கொடுத்தேன். கருப்பைக்கு வந்து சேர்ந்தவை நூற்றுத் தொண்ணூறு.

"அருமை பாலன்! பிழை வீதம் நல்லாக் குறைஞ்சிருக்கு" என்றார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கே ஒரு மிதப்பு. படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்றெல்லாம் நினைத்தேன்.

3. லாக் புக்

திங்கட்கிழமை காலை லாக் புக்கைச் சுத்தப் பிரதி எடுப்பது என் வேலை. எங்கள் மேலாளர் ரோஸ்லி, மரியாதைக்கு 'என்சிக்' ரோஸ்லி என்போம், அதில் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு ஓட்டமும் மெஷினின் நேரத்தை எத்தனை நொடி எடுத்தது என்று எழுத வேண்டும். எழுதிக்கொண்டே வந்தேன். நான்காவது வரியில் கை நின்றுவிட்டது.

பத்து ஓட்டமும் ஒரே நேரம். ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டு நொடி. பத்தும்.

தண்ணீர் பில்கூட ஒரே வேலையை இரண்டு மாதம் ஓட்டினால் நொடி வித்தியாசப்படும். தாயக்கட்டை உருட்டுகிற வேலை எப்படிப் பத்து தடவை ஒரே நொடியில் முடியும்? குப்பைக்குப் போகக் கட்டி வைத்திருந்த பேப்பரை அவிழ்த்தேன். முதல் ஓட்டம், கருப்பைக்குப் பத்தொன்பது. இரண்டாவது, பத்தொன்பது. மூன்றாவது, பத்தொன்பது. நடுவில் இருக்கிற நீள எண்கள் கூட கடைசி இலக்கம் வரை அதேதான்.

அதே முதல் கார்டு. அதே உருட்டல். அதே பத்தொன்பது கதிர் பத்து தடவை நடந்து வந்திருக்கிறது. நான் அதை நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்து எதிர்க்கடையில் பால் விடாத டீ, தே-ஓ, வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தேன். யாருக்குத் தெரியும்? பேப்பர் குப்பைக்குப் போய்விடும். லாக் புக்கில் என்சிக் ரோஸ்லி நொடியைப் பார்ப்பதில்லை. பத்தொன்பதே சரியான விடையாகக்கூட இருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். வேறு எங்கே போவேன்? மூன்றாம் படிவச் சான்றிதழுக்கு எவன் மெஷின் அறைச் சாவி கொடுப்பான்? இதெல்லாம் நான் நினைத்தவைதான், மறைக்கவில்லை.

ஆனால் சரோஜா என்கிற அந்தப் பெயர் போகவில்லை. முகம் பார்த்திராத ஒரு பெண், நான் டூப் பட்டன் அமுக்கி வந்த எண்ணை வைத்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார். நாளைக்கு, அடுத்த வருடம், நான் தூங்க முடியாது. என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆபீஸ் போனில் மிஸ் யோகத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எத்தனை ஓட்டம் அப்படி?" என்றார்.

"பத்தும் மிஸ்."

"ரிப்போர்ட் காலமை டாக்டருக்குப் போயிட்டுது." பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. "முதல் கார்டைத் தொடாதீங்கோ எண்டு நான்தானே சொன்னனான். அது சரி பார்க்கிற நாளைக்கு மட்டும்தான் எண்டு சொல்லேல்லை. கூட்டின பேப்பரோட மற்றப் பத்தையும் குடுங்கோ எண்டு நான் கேட்டிருக்கவும் வேணும். இப்ப அழாதீங்கோ. நான் டாக்டருக்கு போன் பண்ணிட்டு வாறன்."

நான் அழவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

4. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது

என்சிக் ரோஸ்லி நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பாலன், ஜங்ஙான் பண்டாய்-பண்டாய் லா" என்றார். சொந்தமாகப் புத்திசாலித்தனம் காட்டாதே என்று அர்த்தம். "கஸ்டமர் ஒரு ஜாப் கொடுத்தா ஒரு ஜாப்தான் ஓட்டணும். பத்தா வெட்டச் சொன்னது யாரு?"

"மழை வந்தா விழுந்துடும்னு பயந்துட்டேன் என்சிக்."

"மழைக்குப் பயந்த, இதுக்குப் பயப்படல?"

எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். ஆனால் நாளை மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை தண்ணீர் பில்லைத் தள்ளி வைக்கிறேன், நாலுக்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்றும் சொன்னார்.

மூன்றரை மணி நேரம். எங்களுக்கு வேண்டியது பதினெட்டு.

மிஸ் யோகம் பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார், சிரிக்காமல். பிறகு நான் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னேன்.

"மிஸ், உங்க ஜாப் ஓடுறப்ப டேப் டிரைவ் விளக்கு அணையறதே இல்ல. தண்ணி பில்லுக்குக்கூட அப்படி எரியாது. டேப் முன்னாடி போவுது, பின்னாடி வருது, முன்னாடி போவுது. மெஷின் பாதி நேரம் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி எனக்கு ஒரு... தப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

அவர் என்னையே பார்த்தார். "ஐயோ" என்றார்.

வெளிநாட்டில் அவர் இந்தப் புரோகிராமை எழுதிய மெஷினுக்கு மெமரி குறைவு. அதனால் எலும்பு, தசை, நுரையீரல் எது கதிரை எவ்வளவு தடுக்கும் என்கிற அட்டவணையை டேப்பில் வைத்து, ஒவ்வொரு முட்டலுக்கும் போய்ப் படித்துவரும்படி எழுதியிருந்தார். எங்கள் மெஷின் மெமரியில் அப்படி நான்கு அட்டவணை கொள்ளும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் எப்போதும் பேப்பரைத்தான் பார்ப்பார். விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அட்டவணையைத் தொடக்கத்திலேயே ஒரு தடவை மெமரிக்குள் ஏற்றிவிட்டோம். ஓட்டம் முப்பத்தைந்து நிமிடமாகச் சுருங்கியது.

அது போதவில்லை. அப்போது அவர் வேறொரு வழி சொன்னார். தலைப்பக்கம் போகிற கதிரை எல்லாம் கடைசி வரை துரத்துவது வீண். மூன்று கதிர் அப்படிப் போனால், உருட்டிப் பார்த்து இரண்டை அங்கேயே விட்டுவிடலாம். மிஞ்சிய ஒன்றை மூன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். வயிற்றுப் பக்கம் இறங்கி வருகிற கதிரை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கால் கதிராக எண்ண வேண்டும். அப்படிச் செய்தால் மெஷின் தன் நேரத்தை வயிற்றைச் சுற்றியே செலவழிக்கும்.

"மிஸ், நேத்து ஒண்ண பத்தா எண்ணித்தானே மாட்டிக்கிட்டோம். இப்ப ஒண்ண மூணா எண்ணச் சொல்றீங்க."

"அது களவு, இது கணக்கு. விட்ட ரெண்டையும் மிஞ்சினவன் தன்ர தலையில சுமக்கிறான். ஒண்டும் காணாமல் போகேல்லை."

"சரியா சுமக்கிறான்னு எப்படித் தெரியும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. மூத்திரப்பைக் கணக்கு எங்களுக்கு ஏற்கனவே தெரியும்தானே. அதைப் புது முறையில ஓட்டுவம். பழைய விடையே வந்தா நம்புவம்."

செவ்வாய்க்கிழமை காலையில் சம்பளப் பட்டியலுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் அதை ஓட்டினோம். பழைய விடையை ஒட்டியே வந்தது. முதல் தடவை வந்ததை நான் நம்பவில்லை. வேறு முதல் கார்டு போட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அதுவும் ஒட்டியே வந்தது.

புது முறையில் ஓர் ஓட்டத்துக்கு இருபது நிமிடம். பத்து ஓட்டத்துக்கு மூன்று மணி இருபது நிமிடம். பத்து முதல் கார்டு வேண்டும், ஒவ்வொன்றிலும் வேறு எண்.

"நீங்களே போடுங்கோ. ஒற்றை எண்ணா மட்டும் இருக்க வேணும்" என்றார்.

எனக்கு எந்த எண்ணும் தோன்றவில்லை. சட்டைப் பையில் கிள்ளான் பஸ் டிக்கெட்டுகள் கிடந்தன. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அதில் ஒற்றையில் முடிகிற பத்தை எடுத்து, ஒன்றோடு ஒன்று மூன்று முறை ஒத்துப் பார்த்து, டூப் பட்டன் பக்கம் விரலே போகாமல் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தேன்.

மூன்று மணிக்கு மேல் இடி. எட்டாவது ஓட்டம் முடிந்து ஒன்பதாவது பாதியில் இருக்கும்போது விளக்கெல்லாம் சிமிட்டியது, மெஷின் விழுந்தது. மறுபடி தூக்கி நிறுத்தவே அரை மணிக்கு மேல் பிடிக்கும், நாலு மணிக்குள் இன்னோர் ஓட்டம் முடியாது. என்சிக் ரோஸ்லி கதவருகே நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"எட்டு போதும். எட்டும் உண்மையான எட்டு" என்றார் மிஸ் யோகம்.

கழுத்துப் பங்கு, நாங்கள் முதலில் கொடுத்ததைவிடக் கால் பங்கு கூடியிருந்தது. மொத்தத்தில் அது பெரிய மாற்றம் இல்லை, மூத்திரப்பைப் பங்குதான் பெரிது என்று அவர் விளக்கினார். பழைய ரிப்போர்ட் தவறு, காரணம் இது என்று ஒரு பத்தி எழுதி, கீழே தன் கையெழுத்தை மட்டும் போட்டார். என் பெயரை எழுதவில்லை.

5. எட்டுப் பக்கம்

வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். வரவேற்பில் யாரோ என்னைக் கேட்பதாகச் சொன்னார்கள். சின்ன உருவம், வெள்ளை யூனிபார்மோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் மெஷின் ஓட்டுற அண்ணனா? நான் சரோஜா."

எனக்கு உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

"நேத்து டாக்டர பாத்தேன். மிஸ் யோகமும் இருந்தாங்க. தப்பு நடந்துச்சு, திரும்ப ஓட்டினோம்னு சொன்னாங்க. என்ன தப்புன்னு எனக்குச் சரியா விளங்கல. டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னாரு, தப்புன்னு கேட்டதும் மத்தது எதுவும் காதுல ஏறல."

நான் சொன்னேன். முதல் கார்டு, டூப் பட்டன், பத்து தடவை வந்த பத்தொன்பது. என் பெயரோடு சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கியது, பிறகு திடீரென்று சிரித்துவிட்டார்.

"அப்ப ஒரே ஆள பத்து தடவ கேட்டுட்டு, பத்து பேரு சொல்றாங்கன்னு எழுதிட்டீங்களாக்கும்!"

நான் மூன்று நாளாக என்சிக் ரோஸ்லிக்கு விளக்க முடியாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"புது பேப்பர பாக்கலாமா?" என்றார். மெஷின் அறைக்குள் வெளியாட்களை விடக் கூடாது. எட்டையும் எடுத்துவந்து வரவேற்பு மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் கருப்பைக்கு வந்த விடையின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

"என்ன இது, எல்லாம் வேற வேறயா இருக்கு?"

"வேற வேறயா இருந்தாத்தான் சரிங்க. ரொம்பத் தள்ளிப் போகாம, கிட்டக் கிட்ட இருக்குது பாருங்க."

"அப்ப என் புள்ளைக்கு இதுல எது?"

நடு எண்ணைக் காட்டினேன். மேலே இவ்வளவு போகலாம், கீழே இவ்வளவு போகலாம், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்றேன். பிழை வீதம் எப்படிப் போடுவது, எட்டு ஏன் போதும், மூன்றில் இரண்டை ஏன் விட்டோம், மூத்திரப்பைக் கணக்கில் எப்படிச் சோதித்தோம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். பயந்தால் நான் அதிகம் பேசுவேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. எட்டுப் பக்கத்திலும் விரலை ஓட்டி, மிகப் பெரிய எண் இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"இதுதான் இருக்கறதுலேயே மோசமா?"

"ஆமா."

"இதுவாவே இருந்துச்சுன்னா?"

"மூத்திரப்பைப் பங்க சேத்தாலும், டாக்டர் கவலப்படணும்னு சொன்ன அளவுக்கு ரொம்பக் கீழதான் இருக்கு. மிஸ் யோகம் ரெண்டு தடவ பாத்தாங்க. நான் மூணு தடவ பாத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தின் மேலேயே கையை வைத்திருந்தார்.

"அத மொதல்ல சொல்லியிருக்கலாம்ல அண்ணே! அர மணி நேரமா மூணுங்கிறீங்க, காலுங்கிறீங்க. நான் என்னென்னமோ நெனச்சுட்டு நிக்கிறேன்" என்று திட்டினார். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து, கேட்காமலேயே கைப்பைக்குள் வைத்தார். அலுவலகப் பேப்பர் வெளியே போகக் கூடாது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

குழந்தை பிறந்ததை மிஸ் யோகம் போனில் சொன்னார். பெண் குழந்தை.

அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். கார்டு போனது, டேப் போனது, மெஷின் மேசைக்கு வந்தது. வேகமாக ஓட்டுவது எப்படி என்று பிறகு வந்தவர்களுக்கு எவ்வளவோ தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்தின் பேப்பரையும் தனித்தனியாகப் பாருங்கள், கூட்டிய பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதையும் அவர்கள் எங்காவது படித்திருப்பார்கள். நான் அன்று கற்றுக்கொண்டது வேறு. பயந்துபோய் வந்திருப்பவரிடம் நடு எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்கக் கூடாது. ஓய்வு பெறும் நாள் வரை, யாருக்கு முடிவைக் கட்டிக் கொடுத்தாலும், இருப்பதிலேயே மோசமான பக்கத்தைத்தான் மேலே வைத்துக் கொடுத்தேன்.